பிராது எழுத வந்த மாப்ள

மே மாசம். என் அக்கா மவன் பொண்டாட்டி புள்ளையோட சென்னையிலேர்ந்து ராத்திரி ரயிலுக்கு வந்து எறங்குனான். செருப்பக் கழட்டல, பையக் கீழ வைக்கல, வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "மாமா, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும். காலையில எத்தன மணிக்குப் போனாத் தோதுப்படும்?"னு கேக்கறான்.

எனக்கு அடிவயித்துல புளியக் கரைச்சுது. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறன். விருத்தாசலத்த ஒட்டுனாப்புல மணவாளநல்லூர்ல இருக்கற கொளஞ்சியப்பரு, கண்ண மூடி வேண்டிக்கிட்டு உண்டியல்ல போட்டுட்டு வர்ற சாமி மட்டும் இல்ல. கச்சேரியில குடுக்கற மாதிரி அவருக்கு எழுத்துல குடுக்கணும். இன்னாரு, இன்ன ஊரு, எனக்கு இன்ன அநியாயம் பண்ணிட்டாருன்னு தாள்ல எழுதி, பணத்தக் கட்டி, சாமிகிட்ட வச்சு வாங்கி, முனியப்பரு சன்னதி வேல்ல கட்டிட்டு வரணும். பணங்கூட, கோயில்லேர்ந்து நம்ம ஊரு எத்தன கிலோமீட்டரோ அந்தக் கணக்குக்குத்தான். 90 நாளுக்குள்ள கேட்டுக் குடுத்துடுவாருங்கறது நம்பிக்கை. காரியம் முடிஞ்சா மறக்காம வந்து பிராத வாபஸ் வாங்கிக்கணும். களவு போன மாடு, திரும்பாத கடன், வெட்டித் தின்ன வரப்புன்னு பெரிய வழக்காத்தான் அங்க வந்து தொங்கும்.

"யாரு மேலடா பிராது?"

"ஒரு பொண்ணு மேல மாமா."

உள்ளேர்ந்து வந்த இவங்கத்த கையில தண்ணிச் சொம்பு அப்பிடியே நின்னுது. தூங்கற பொடியனத் தோள்ல போட்டுக்கிட்டுப் பின்னால நின்ன அவன் பொண்டாட்டி மட்டும் தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அதுல பாதிக் கத எனக்குப் புரிஞ்சுபோச்சு.

மொத நாளு ஞாயித்துக்கெழம தீம் பார்க்கு போயிருக்கான். வாசல்ல பையத் தொறந்து பாத்த ஒரு பையன், எங்கக்கா விடியக்காலம் எழுந்து கட்டிக் குடுத்த புளிசோத்துப் பொட்டலத்த வெளிய எடுத்து வச்சுட்டானாம். மொதக் குத்தம். தண்ணிக்குள்ள எறங்கப் போன எடத்துல இன்னொரு பையன், பருத்தி பனியனோட எறங்கக் கூடாது, நைலான்தான்னு மறிச்சுட்டானாம். ரெண்டாவது. மூணாவதுதான் அந்தப் பொண்ணு. ஒரு ராட்டினத்துக்கு முன்னால அளவுகோலு நட்டு வச்சிருக்குது. பொடியன அதுல நிக்க வச்சுப் பாத்துட்டு, "சார், தம்பி இன்னும் கொஞ்சம் வளரணும்"னு சொல்லிடுச்சாம். அதுவும் எப்பிடி?

"சிரிச்சுக்கிட்டே சொல்றா மாமா!"

அதுதான் அவனுக்குத் தாங்கல. காலையிலேர்ந்து சேத்து வச்ச புளிசோறு, பனியன், வெயிலு எல்லாத்தையும் அது தலையில கொட்டியிருக்கான். கால் மணி நேரம். டிக்கெட்டுக்கு எத்தன ஆயிரம் குடுத்தன் தெரியுமா, உன் மேனேஜரக் கூப்புடு, நான் யாருன்னு தெரியுமா.

"அதுக்குத் தெரிஞ்சுதா?"ன்னன்.

"என்னா மாமா?"

"நீ யாருன்னு."

"அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுல்ல? கேட்ட கேள்விக்கு அது தப்பாவே பதில் சொல்லலியேடா. அப்பறம் எதுக்குக் கத்துன? அது கெடக்கட்டும். புளிசோத்துக்கு ஒரு பையன், பனியனுக்கு ஒரு பையன். அவங்ககிட்ட ஏன் கத்தல?"

மாப்ள கொஞ்சம் நெளிஞ்சான். "அவனுங்க ஆளு கொஞ்சம் வாட்டசாட்டமா இருந்தானுங்க."

"ஆங், இதுதான் புத்திசாலித்தனம். கோவம் வந்தா நோஞ்சானாப் பாத்துத்தான் வரணும். போ, கையக் கால அலம்பிட்டுச் சாப்புட்டு வா. பிராது எழுதறது லேசுப்பட்ட காரியமில்ல. நான் சொல்லச் சொல்ல நீ எழுது."

திண்ணையில வந்து உக்காந்தான். தாளும் பேனாவும் குடுத்தன். ஒவ்வொரு குத்தமா விசாரிக்கணுமில்ல? புளிசோறு நாயமான வழக்குதான்னு மொதல்லயே ஒத்துக்கிட்டன். உள்ள இருக்கற கடையில யாவாரம் ஆவணும்னுதான் வெளிச்சோத்த உடறதில்ல. ஆனா அந்த யாவாரக் கணக்கப் போட்டவன் வாசல்ல நிக்க மாட்டான். எந்தக் காலத்துலயும் நிக்க மாட்டான். பனியனுக்கு வேற காரணம். பருத்தி நூலு பிரிஞ்சு, தண்ணியச் சுத்தம் பண்ற வடிகட்டியில போய் அடைச்சுக்கும். வழுக்கிக்கிட்டு வர்ற எடத்துல ஈரப் பருத்தி ஒட்டிக்கும். அளவுகோலு இன்னும் சுளுவு. ராட்டினத்துல மடி மேல ஒரு கம்பி வந்து அமுத்தும் பாரு, அது பெரியாளு தொடைக்கு அளவெடுத்தது. சின்ன ஒடம்பு அந்தச் சந்துல நழுவிடும். அந்தப் பொண்ணு கோலுல இருக்கற கோட்டப் பாத்துச் சொல்ற ஆளு. கோட்ட அழிச்சுக் கீழ போடற ஆளில்ல.

"அது சரி மாமா, வரிசை? முக்கா மணி நேரம் நின்னன்."

"முன்னால போயி, இன்னும் எவ்வளவு நேரம்னு எத்தன தடவ கேட்ட?"

"ஏழெட்டுத் தடவ இருக்கும்."

எங்க ஊரு முந்திரிக்காட்டு ஊரு. பழத்துக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்கற கொட்டை அது. இங்க இருக்கற ஆராய்ச்சி நெலையத்துல வி.ஆர்.ஐ. 1, வி.ஆர்.ஐ. 2, வி.ஆர்.ஐ. 3-ன்னு ரகம் ரகமா முந்திரி உட்டாங்க. எந்த ஆராய்ச்சியும் இல்லாம சென்னை வரைக்கும் பரவுன ரகம் எங்கக்கா வவுத்துல பொறந்தது.

இதே மாப்ள திருப்பதிக்குப் போனான். கொட்டடியில ஒம்பது மணி நேரம் அடைச்சு வச்சாங்க. மூச்சு உடல. கடைசியில சாமி முன்னால அரை நிமிசங்கூட இல்ல, 'ஜருகண்டி'ன்னு முதுகுல கைய வச்சுத் தள்ளி உட்டாங்க. வெளிய வந்து கண்ணுல தண்ணி, "என்னா தரிசனம் மாமா!"ன்னான். தள்ளுன ஆளு மேல இன்னிக்கு வரைக்கும் பிராது இல்ல. சிரிச்சுக்கிட்டு, சார்னு கூப்புட்டுச் சொன்ன பொண்ணு மேலதான் பிராது. அடுத்த தடவ போனா அந்தப் பொண்ணுகிட்ட 'ஜருகண்டி' சொல்லச் சொல்லணும், மரியாத தானா வந்துடும்.

நல்லது ஒண்ணு சொல்றன், காதோட வச்சுக்க. காசு குடுத்தவன் சுகப்படணும்தானே போற? அப்ப அந்தப் பொண்ணப் பாத்து, "சாப்புட்டியாம்மா?"ன்னு ஒரு வார்த்த கேளு. எந்த ராட்டினத்துக்கு எந்த நேரத்துல கூட்டம் கம்மி, எங்க நெழலு, எந்தக் கொழாயில தண்ணி சில்லுன்னு வரும்னு அதுவே சொல்லும். ஒரு பைசா செலவில்ல. நான் தருமத்துக்குச் சொல்லலப்பா, யாவாரமாத்தான் சொல்றன்.

இதெல்லாம் இவனுக்குச் சொல்ல எனக்கு என்னா தகுதின்னு கேப்பீங்க. நான் முப்பது வருசம் பீங்கான் பட்டறையில பொம்ம ஊத்துனவன். எங்கூருக்குப் பேரே அதுதான். அந்தப் படிப்புக்குன்னே ஒரு பயிலகம் இங்க இருக்குது. வெள்ள மண்ண மோரு பதத்துல கரைச்சு, பி.ஓ.பி. அச்சுல ஊத்தி, அச்சு தண்ணிய உறிஞ்சற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். அவசரப்பட்டுத் தொறந்தா புள்ளையாருக்குத் தும்பிக்கை இருக்காது. சூளையும் அப்பிடித்தான். ஆயிரம் டிகிரிக்கு மேல வெந்தது தானா ஆறணும், முன்கூட்டித் தொறந்தாக் காத்துப் பட்டு விண்டுடும். நான் பொறுமசாலி இல்ல. பொறுக்கலன்னா கூலி போயிடும், அதனால பொறுத்தன்.

அப்பிடிப் பொம்ம ஊத்திக்கிட்டிருந்தவன், 1990-கள்ல ஒரு தடவ மனுசனே பொம்மையா நிக்கறதப் பாக்கப் போனன். சென்னையில ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரம், வி.ஜி.பி. கோல்டன் பீச்சு. அங்க சிலை மனுசன்னு ஒருத்தரு தலப்பா கட்டிக்கிட்டு, பெரிய மீசையோட ஆடாம அசையாம நிப்பாரு. சிரிக்க வைக்கறவங்களுக்குப் பரிசுன்னு சொல்லுவாங்க. லண்டன் அரமனைக் காவக்காரங்களப் பாத்துட்டு வந்து மொதலாளி பன்னீர்தாசு நிறுத்துனாருன்னும் ஒரு பேச்சு உண்டு.

கூட்டம் அவரச் சுத்தி நின்னு பண்ணுன கூத்து இருக்குதே! ஒருத்தன் மூக்குக்கிட்ட வெரல ஆட்டறான். ஒருத்தன் ஊளையிடறான். நல்லா உடுத்துன ஆளு ஒருத்தரு, கூட வந்தவங்க சிரிக்கணும்னு, அந்த மனுசனோட வீட்டுப் பொம்பளைங்கள இழுத்துக் கேக்கக் கூடாததக் கேக்கறாரு. நான் கிட்டப் போயி நின்னன். தலப்பாவுக்குள்ளேர்ந்து ஒரு சொட்டு வேர்வ எறங்கிச்சு. காதுக்கு முன்னால வந்து, மீசையோரத்துல செத்த நேரம் தயங்கி நின்னு, தாடைக்குப் போயி, கழுத்துப் பட்டிக்குள்ள மறஞ்சுது. அவரு கையி எழும்பல. அச்சத் தொறந்த ஒடன எங்க பொம்ம மேல இப்பிடித்தான் ஈரம் பூத்து நிக்கும், ஸ்பாஞ்ச எடுத்து ஒத்தி உடுவம். அந்தப் பழக்கத்துல என் கையி தன்னால தோள்துண்டுக்குப் போயிடுச்சு. தொடைச்சா அவரு வேலையக் கெடுத்த மாதிரின்னு அப்பறம் இழுத்துக்கிட்டன். பொம்ம குடுத்து வச்சது, அதுக்குக் காது கேக்காது.

அப்பறம் 1995-ல தாம்பரம் பக்கம் ஒரு பார்க்கு தொறந்தாங்க. மை டியர் குட்டிச்சாத்தான் படம் எடுத்த நவோதயா அப்பச்சன்தான் கட்டுனாரு. கிஷ்கிந்தான்னு பேரு. எங்க சனங்க போயி நடந்துக்கிட்டதப் பாத்தா, பேர யோசிச்சுத்தான் வச்சிருக்காருன்னு தோணும்.

சிலை மனுசருக்குச் சிரிக்காம இருக்கறது வேல. அளவுகோல்கிட்ட நின்ன பொண்ணுக்குச் சிரிக்கறது வேல. ரெண்டும் ஒரே கூலிதான்னு என் பேத்தி சொல்றா. காலேஜ்ல படிக்கறவ. ஆர்லி ஹாக்ஸ்சைல்டுன்னு ஒரு அமெரிக்க அம்மா, ஏரோப்ளேன்ல பணிவிடை பண்ற பொண்ணுங்ககிட்டப் பேசி 1983-லயே புத்தகம் போட்டிருக்குதாம். மூட்ட தூக்கறவனுக்கு முதுகு கூலிக்குப் போவுது, இவங்களுக்கு மூஞ்சி கூலிக்குப் போவுது. உள்ள என்னா கொதிச்சாலும் மேல மினுக்கு மாறக் கூடாது. அதே புத்தகத்துல கடன் வசூல் பண்றவங்களும் வர்றாங்களாம். அவங்களுக்கு மொறைக்கறது வேல.

"மாப்ள, உங்க ஆபீசுல இந்த ரெண்டு சாதியும் உண்டுல்ல?"ன்னன். அவன் பதில் சொல்லல. அதுக்கு அப்பறம் வர்றன்.

வால்ட் டிஸ்னி 1955-ல அமெரிக்காவுல பார்க்கு தொறந்தாரே, அங்க வேலைக்காரங்கன்னு சொல்றதில்லியாம். நடிகருங்கன்னுதான் சொல்லுவாங்களாம், வர்றவங்க விருந்தாளி. தொறந்த அன்னிக்குக் கள்ள டிக்கெட்டுல சனம் பூந்து, வெயிலு கொளுத்தி, குடிதண்ணிக் கொழாய் பலதும் வேல செய்யாம, புதுசாப் போட்ட தாரு எளகி, பொம்பளைங்க குதிகால் செருப்பு அதுல மாட்டிக்கிச்சாம். அங்கயும் ஒரு மாப்ள நின்னு 'நான் யாரு தெரியுமா'ன்னு இங்கிலீசுல கத்தியிருப்பான். நம்ம பக்கம் கூத்துல துரியோதனன் கட்டுன ஆள, விடிஞ்சப்பறம் டீக்கடையில பாத்து யாரும் அடிக்கப் போறதில்ல. வேசம் வேற, ஆளு வேறன்னு எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியுது. சட்டையில பேரு குத்திக்கிட்டு நிக்கற பொண்ணுகிட்டப் போனா படிச்சவனுக்கு மறந்துடுது. வள்ளுவருகூட ஒம்பதாவது அதிகாரத்துல விருந்தோம்பல வச்சுட்டு, பத்தாவதா இனியவை கூறல வச்சாரு. விருந்தாளியும் படிச்சுக்கட்டும்னு பக்கத்துலயே வச்சிருப்பாரோ என்னமோ.

நிக்கறதச் சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2010-ல வசந்தபாலன் எடுத்த அங்காடித் தெரு படத்த டவுனு தேட்டர்ல பாத்தன். துணிக்கடையில பொழுதுக்கும் நின்னுக்கிட்டே இருக்கற புள்ளைங்க கத. என் பக்கத்துல உக்காந்து முந்தானையால மூஞ்சத் தொடைச்சுக்கிட்டிருந்த பொம்பளைக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டும் சென்னையில துணிக்கடையில. அப்பறம் 2021-ல நம்ம தமிழ்நாட்டுல, கடை கண்ணியில வேல செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுத்தாவணும்னு சட்டத்துல சேத்தாங்க. கேரளாவுல 2018-லயே வந்துடுச்சு. மனுசன் குந்தறதுக்குச் சட்டசபை கூட வேண்டியிருக்குது பாருங்க.

"எழுதிட்டியா மாப்ள?"

தாள்ல ஒரு எழுத்து இல்ல.

"சரி. உங்க சங்கதிக்கு வர்றன். உனக்கு எங்க வேல?"

"தெரியாத மாதிரிக் கேக்கறீங்க. பேங்க்ல."

"எந்த ஜன்னலு?"

"காசு குடுக்கற ஜன்னலு."

"போன பொங்கலுக்கு வந்தப்ப நீதான் சொன்ன. ஒரு ஆளு பாஸ்புக்க உன் மூஞ்சில உட்டெறிஞ்சானே, எதுக்கு?"

"சர்வரு படுத்துக்கிச்சுன்னு சொன்னதுக்கு."

"அந்தச் சர்வர நானா மாமா கழட்டி வச்சிருக்கன்னு எங்கிட்டக் கேட்ட. அட்ட வந்து பட்ட எடத்த, இதோ, கண்ணுக்குக் கீழன்னு தொட்டுக் காட்டுன. அன்னிக்கு உங்கத்த சுட்ட வடைய நீ தொடல."

மாப்ள கொசு அடிக்கற மாதிரி ரெண்டு தட்டு தட்டுனான். கொசு ஒண்ணும் இல்ல. செத்த நேரம் கழிச்சு, "அந்தப் பொண்ணும் வீட்டுக்குப் போயிச் சாப்புட்டிருக்காதோ மாமா?"ன்னான்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீதான் வாதி. பிராத எழுது."

இந்த எடத்துல கொளஞ்சியப்பரு கதையும் சொல்லி வச்சன். எங்கூரு விருத்தாசலம் பழைய ஊரு, அதோட பழம்பேரே முதுகுன்றம். சுந்தரரு இந்தப் பக்கம் வந்தப்ப, ஊரும் கெழம், சாமியும் கெழம், இதப் போயிப் பாடுவாங்களான்னு கண்டுக்காமப் போயிட்டாராம். கவுண்ட்டர்ல உக்காந்திருக்கற பெரியவர மதிக்காமப் போற ஆளு அப்பவே இருந்திருக்காரு. சிவன் கத்துனாரா? முருகன வேடனா அனுப்பி வழிமறிச்சுப் பணத்தப் புடுங்கச் சொன்னாரு. வேணும்னா முதுகுன்றத்துக்கு வந்து வாங்கிக்கன்னு சொல்ல வச்சாரு. அந்த வேடன்தான் கொளஞ்சியப்பரு. சுந்தரரு வந்து பாடுனாரு, பன்னெண்டாயிரம் பொன்னு கெடச்சுது. அத மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூரு கமலாலயக் கொளத்துல எடுத்துக்கிட்டாரு. இங்க போட்டு அங்க எடுக்கற வசதிய உங்க பேங்க்காரங்க இப்பத்தான் கண்டுபுடிச்ச மாதிரி வெளம்பரம் பண்றீங்க. எடுத்த பொன்னு மாத்து கொறையுதுன்னு அங்கயும் ஒரு புகாரு, அதுக்கும் ஒரு பாட்டு. அந்தப் புகாரையும் சாமி மொகம் சுளிக்காமச் சரி பண்ணி அனுப்பிச்சாராம். சர்வரு படுத்துக்கிச்சுன்னு சொல்லல.

"வேடிக்க போதும் மாமா. எழுதறன்"னு பேனாவத் தொறந்தான். கொளஞ்சியப்பர் சாமிக்குன்னு தலைப்பு போட்டான். வாதி பேரு, ஊரு எழுதுனான். சென்னையிலேர்ந்துங்கறதால கிலோமீட்டரு எரநூத்துக்கு மேல, கட்டணம் கொஞ்சம் ஏறும்னன். தலையாட்டுனான்.

"பிரதிவாதி பேரு?"

பேனா நின்னுது.

"கால் மணி நேரம் கத்துனியே. மூஞ்சிக்கு நேரா நின்னுதான கத்துன?"

"ஆமா."

"சட்டையில குத்தியிருந்துச்சுல்ல பேரு?"

"குத்தியிருந்துச்சு மாமா. படிக்கல."

பேரில்லாத பிராத முனியப்பரு யாருகிட்டப் போயி விசாரிப்பாரு? தாள மடிச்சுச் சட்டப் பையில வச்சுக்கிட்டான். காலையில பாத்துக்கலாம்னு படுத்தான்.

காலையில நான் பல்லு வெளக்கிட்டு வந்தப்ப பொடியன் முத்தத்துல குந்தி, நான் ஊத்துன வெள்ளப் பசுமாட்டுப் பொம்மையோட வெளையாடிக்கிட்டிருந்தான். அவங்கப்பன் பக்கத்துல உக்காந்து, ரொம்பச் சாதாரணமாக் கேக்கற மாதிரி, "அந்தப் பார்க்குல ஒரு அக்கா உன்ன அளந்து பாத்தாங்கல்ல?"ன்னு இழுத்தான்.

பொடியன் தல நிமிராம ஒடன பேரச் சொன்னான். இனிசியலோட. "சட்டையில இருந்துச்சுப்பா. நீ சண்ட போட்டப்ப நான் எழுத்துக்கூட்டிப் படிச்சன்." அப்பறம் அதுவா, "அந்த அக்காவுக்குத் திட்டக்குடிப் பக்கமாம். உங்க தாத்தா ஊருக்குப் பக்கந்தான், அடுத்த வருசம் வளந்துட்டு வான்னுச்சு"ன்னுது. திட்டு வாங்குறதுக்கு முன்னாலயா, வாங்குனப்பறமான்னு மாப்ள கேட்டான். வாங்குனப்பறம்தான்னு பொடியன் சொன்னான்.

பேர நான் இங்க எழுதப் போறதில்ல. பிராதுல ஏறாத பேரு, இதுல மட்டும் எதுக்கு ஏறணும்?

மாப்ள எழுந்துபோயி அடுப்படியிலேர்ந்து ஒரு கரித்துண்டு எடுத்துக்கிட்டு வந்தான். பொடியனக் கதவு நெலையில ஒட்டி நிக்க வச்சு, தல மேல என் உள்ளங்கையத் தட்டையா வைக்கச் சொல்லிக் கோடு போட்டான். குதிகால எக்குன பொடியன ரெண்டு பேருமாச் சேந்து அமுத்திப் புடிச்சம். இன்னும் நாலு வெரக்கட வேணும்.